பாதியில் நின்ற பாதை

வலி எத்தனை என்று கேட்பதுதான் என் பிழைப்பு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆறு பேர் என் அறையில் வட்டமாக உட்காருவார்கள். சுரங்கத்திலோ உருக்காலையிலோ லாரியிலோ உடம்பை உடைத்துக்கொண்டவர்கள். எலும்பு கூடிவிட்டது, தையல் ஆறிவிட்டது, வலி மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. கத்தி பிடிக்கும் டாக்டர்கள் கையை விரித்த பிறகு மனோதத்துவக்காரியான என்னிடம் அனுப்புவார்கள். "உனக்கு வலி மண்டையிலதான்" என்று தன்னைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, முதல் நாள் ஒவ்வொருவரும் என்னை முறைத்தபடியே உட்காருவார்கள்.

ரெய்னோ லெப்பானென் முறைக்கக்கூட இல்லை. கதவருகிலேயே நின்றார். ஐம்பத்தேழு வயது. பின்லாந்திலிருந்து வந்து இந்த நிக்கல் சுரங்க ஊரில் மூன்று தலைமுறையாகக் கல் உடைக்கும் குடும்பம்.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"எது எத்தன?"

"வலி."

"இங்க வர்ற வரைக்கும் ஆறு. உன்னப் பாத்ததும் எட்டு."

மற்றவர்கள் சிரித்தார்கள். லாரி ஓட்டித் தோள்பட்டை கிழிந்த அர்மான் கை தட்டப் போய், "ஐயோ" என்று தோளைப் பிடித்துக்கொண்டான். ரெய்னோ என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ மார்செல் பொண்ணுதான? கொலெட்?"

"ஆமா."

"உங்கப்பன் டிபன் பொட்டில இருந்து எத்தன தடவ ரொட்டி திருடித் தின்னிருக்கேன் தெரியுமா? கடைசி வரைக்கும் எலின்னே நெனச்சிட்டிருந்தான்."

"அப்பாவுக்குத் தெரியும். எலி இவ்ளோ பெருசா சிந்தாதுன்னு சொல்வாரு."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். டாக்டர் என்ற மரியாதையெல்லாம் எனக்கு அவரிடம் கிடைத்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அவருக்கு அடிபட்டது நான்கு வருடம் முன்பு. வெடி வைத்த பிறகு சுரங்கத்தின் கூரையில் பெயர்ந்தும் பெயராமலும் கல் தொங்கும். நீளமான கடப்பாரையால் அதையெல்லாம் நெம்பித் தள்ளிவிட்டுத்தான் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் சுரங்கத்தை விட்டு மேலே ஏற வேண்டும். பாதி தள்ளி பாதி விட்டுப் போனால், அடுத்து வருகிறவன் தலையில் விழும். எங்கள் ஊரில் குடிகாரனை மன்னிப்பார்கள், கடன்காரனை மன்னிப்பார்கள், பாதியில் விட்டுப் போகிறவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். ரெய்னோவுக்கு முந்தின ஷிஃப்ட்காரன் பாதியில் விட்டுப் போனான். கதவளவு கல் ஒன்று ரெய்னோவின் முதுகில் இறங்கியது. இரண்டு முதுகெலும்பு நொறுங்கி, இடுப்பு பிளந்து, ஒன்பது மாதம் படுக்கை. அந்த ஆளின் பெயரை அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

நாள்பட்ட வலிக்காரர்களுக்கு ஒரு பொதுப் புத்தி உண்டு. கெட்ட நாளில் அசைய மாட்டார்கள். நல்ல நாள் ஒன்று வந்துவிட்டால், விட்ட வேலையை எல்லாம் அன்றைக்கே பிடித்துவிடப் பார்ப்பார்கள். அப்புறம் நான்கு நாள் எழுந்திருக்க முடியாது. ரெய்னோ சமையலறைத் தரையில் படுத்துக்கொள்வார். மெத்தை அவருக்கு ஆகாது, கட்டாந்தரைதான் ஆகும். அவர் மனைவி மார்லின் அவரைத் தாண்டித் தாண்டிக் காப்பி போடுவாள்.

இதற்கு என்னிடம் இருக்கும் மருந்து ஒரு டைமர். சமையலறையில் முட்டை வேகவைக்கத் திருகி வைப்போமே, அதுதான். மலிவுக் கடையில் கோழி வடிவத்தில் கிடைத்தது, ஆறு வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். பத்து நிமிடம் வேலை. கோழி மணி அடித்தால் நிறுத்த வேண்டும். வலிக்கவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். இருபது நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். வலி எஜமானன் இல்லை, கடிகாரம்தான் எஜமானன் என்று உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. சொல்லக் கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. செய்து பார்த்தால்தான் தெரியும்.

ரெய்னோ கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் டைனமைட்டோட குடும்பம் நடத்துனவன் நான். இப்போ கோழி சொல்லித்தான் கேக்கணுமா?"

"மார்லின் சொல்லி நீ கேக்கலியே, கோழி சொல்லியாவது கேளு" என்றான் அர்மான்.

"பாதில விடச் சொல்றா இவ. உங்கப்பன் இருந்தா உன்ன வீட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டான்."

"இது சுரங்கம் இல்ல ரெய்னோ. உங்க வாசல் பனி. பாதி பனிய அப்படியே விட்டா யாரு தலையிலயும் விழாது."

"அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்" என்றார்.

ஆனாலும் செய்தார். முனகிக்கொண்டு, என்னையும் கோழியையும் திட்டிக்கொண்டு செய்தார். அக்டோபரில் பத்து நிமிடம் விறகு அடுக்கினார். நவம்பரில் மார்லின் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நேத்து கட்டில்ல படுத்தாரு, கொலெட். விடியற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் கோப்பில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன், இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்தக் கோப்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை. இழப்பீட்டு வாரியத்துக்கும் போகும், சுரங்கக் கம்பெனி வக்கீலுக்கும் போகும். பிப்ரவரியில் ரெய்னோவின் விசாரணை இருந்தது. வாராவாரம் வரும் இழப்பீடும் என்னிடம் வரும் சிகிச்சையும் தொடருமா, இல்லை "ஆள் தேறிவிட்டான், வேலைக்குப் போகலாம்" என்று இரண்டையும் வெட்டிவிடுவார்களா என்று அன்றைக்கு முடிவாகும். மார்லின் மருத்துவமனைச் சமையலறையில் தட்டு கழுவுகிறாள். அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு உலை வைக்கலாம், வேறொன்றும் ஆகாது.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியெல்லாம் பனி கொட்டியது. காலையில் நகராட்சி பனி வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போய், எல்லோர் வாசலிலும் இடுப்பளவு குவித்துவிட்டுப் போனது. மார்லின் வேலைக்குப் போக வேண்டும், கார் உள்ளே மாட்டிக்கொண்டது. ரெய்னோவுக்கு அன்று நல்ல நாள். கோழியைத் திருகிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பனி வாரியை எடுத்தார். அடுத்த வாரம் என்னிடம் அவரே வந்து சொன்னார்.

"கோழி கழுத்தத் திருகிட்டேன், கொலெட்."

"எத்தன நிமிஷம்?"

"முழுசா முடிக்கற வரைக்கும்."

"அப்புறம் எத்தன நாள் தரையில?"

"நாலு. திட்டறதுன்னா திட்டு."

திட்டவில்லை, சிரித்தேன். இது இந்த வழியில் எல்லோரும் விழும் குழிதான், எழுந்து நடந்தால் போதும் என்றேன். கோப்பில் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். நிறுத்தாமல் வாசல் முழுவதும் பனி அள்ளினார் என்று முதல் பக்கத்தில். அதனால் நான்கு நாள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை, மூன்றாம் நாள்வரை மனைவிதான் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனாள், நல்ல நாளில் மீறிச் செய்வதே இவருடைய நோயின் கூறு என்று இரண்டாம் பக்கத்தில்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அன்றைக்கு ஒரு சாம்பல் நிற வேன் நின்றது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விசாரணை அறையில் அந்த வேனிலிருந்து எடுத்த படத்தைப் போட்டார்கள். கம்பெனி வக்கீல் அன்று காலையில்தான் அதைக் கொடுத்தார். தொழிற்சங்கத்தின் சார்பாக ரெய்னோவுக்காக வந்திருந்த ஷில்லின் கையில் எக்ஸ்ரேக்கள் மட்டும்தான் இருந்தன. படத்தில் ரெய்னோ அள்ளினார், வீசினார், அள்ளினார். வாரியைக் கையாள்வது பார்க்கவே அழகாக இருந்தது, அதுதான் வினை. பத்தாவது நிமிடம் அவர் கை கோட்டுப் பைக்குள் போய் வந்தது. அறையில் என்னைத் தவிர யாருக்கும் அது என்னவென்று தெரியாது. பிறகு மறுபடி அள்ளினார். இருபத்து மூன்றாம் நிமிடம் வாசல் சுத்தம். வாரியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. படம் அங்கே முடிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த நான்கு நாளை எந்தக் கேமரா எடுக்கும்?

வக்கீல் என்னைப் பார்த்தார். மெல்லிய குரல், நல்ல சட்டை.

"டாக்டர், நீங்க எவ்ளோ நேரம் அனுமதிச்சிருந்தீங்க?"

"பத்து நிமிஷம்."

"இது எவ்ளோ நேரம்?"

"இருபத்து மூணு."

"அப்போ மனசு வெச்சா அவரால முடியும்."

"முடியும். ஆனா அதுதான் பிரச்சினையே. நல்ல நாள்ல இப்படி மீறிச் செஞ்சா..."

விசாரணை அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வயதான மனிதர், கெட்டவர் இல்லை. அவருக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

"டாக்டர், பன்னெண்டாகப் போகுது. இன்னும் ரெண்டு வழக்கு இருக்கு. விளக்கமா சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒரே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான்கு நாள் என்ற இரண்டு சொல்லை மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைப்போம். காகிதத்தின் மேல் எங்களுக்கு அப்படி ஒரு பக்தி.

"எல்லாம் என் அறிக்கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ரெய்னோ திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஏதோ மறந்துவிட்டு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. "நிறுத்தாமல் வேலை செய்ய அவரால் முடியும் என்று அவருடைய சொந்த மருத்துவரே உறுதி செய்கிறார்" என்று என் வாயாலேயே அவரை வெட்டியிருந்தார்கள். இழப்பீடு நின்றது. சிகிச்சையும் நின்றது. இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டியதற்கான அடையாளமே அதில் இல்லை. பாதிக் கிணறு தாண்டியவளின் கதைதான். ஒரே வித்தியாசம், தாண்டியவள் நான், கிணற்றுக்குள் விழுந்தவர் அவர்.

அடுத்த புதன்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். வரும்போதே கோழிகளை எடுத்து வந்து என் மேசையில் வரிசையாக வைத்தார்கள். யாரும் கேலி பேசவில்லை.

"அர்மான், எத்தனை?"

"எட்டு."

"போன வாரம் நாலுன்னு சொன்னீங்களே?"

"போன வாரம் எனக்குப் புத்தி இல்ல. எட்டுன்னு எழுதிக்கோ, டாக்டர். நான் இனிமே குப்பை போடக்கூட வெளிய வர மாட்டேன். தேறுனா வெட்டறான், தேறலைன்னா சோறு போடறான். நாங்க தேறணும்னு ஒனக்கு என்ன அவ்ளோ ஆச?"

சுற்றி எல்லோரையும் கேட்டேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. நானும் எழுதிக்கொண்டேன். ஐந்து மாத வேலை அந்த ஒரு காலையில் மண்ணாய்ப் போனது. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று யோசித்தால் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து நின்றது.

மேல்முறையீட்டுக்கு நான் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். இந்தத் தடவை நான்கு நாளை முதல் வரியிலேயே வைத்தேன். ஷில் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்" என்றார். ரெய்னோவின் கையெழுத்து வேண்டும். தொலைபேசியை அவர் எடுக்கவில்லை. மார்ச் முதல் சனிக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

முந்தின நாள் நல்ல பனி. அவர் வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டேன். கதவுப்படியிலிருந்து ஒரு பாதை, ஓரம் வெட்டினாற்போல் நேராக, அவர் கை வேலை என்று பார்த்ததும் தெரிகிற பாதை, வாசலின் நடுவரை வந்து அங்கேயே நின்றிருந்தது. வாரி பனிக்குவியலில் செருகியபடி நின்றது. அதற்கு இந்தப் பக்கம் முழங்கால் பனி. அதில் மார்லினின் காலடிக் குழிகள் தெருவரை வந்திருந்தன. பேருந்து பிடிக்கப் போயிருக்கிறாள்.

ரெய்னோ லெப்பானென் பாதியில் விட்ட ஒரு வேலையை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"தொறந்துதான் கெடக்கு."

திரைகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். தலைக்குக் கீழே மடித்த கோட்டு. பக்கத்தில் தரையில் கோழி. உயிரோடுதான் இருந்தார், எனக்கு அதுவே போதும் போலிருந்தது.

"மேசையில ஏலக்கா ரொட்டி இருக்கு, எடுத்துக்கோ. மார்லின் நேத்து சுட்டது."

"வேணாம். பாதை..."

"பாத்தியா? பத்தாவது நிமிஷம் கோழி அடிச்சுது. நிறுத்திட்டேன். வேன்காரன் இருந்தா அதையும் எடுத்துக்கட்டும்னு நடுவுலயே வாரிய நட்டுட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருஷத்துல மொத தடவ. சந்தோஷமா?"

"அப்போ வலி ஏன் இவ்ளோ? பத்து நிமிஷந்தான?"

"அங்க அப்படியே கெடக்குதே, அத நெனச்சு நெனச்சு" என்றார். "அந்த டாக்டருங்க நெனச்சதும் சரிதான். கொஞ்சம் மண்டையிலயும் இருக்கு."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பதினோரு பக்கத்தையும் காட்டினேன். எதையும் விடவில்லை என்றேன். அவர் படிக்கவில்லை. படுத்தபடியே பேனாவை வாங்கி, நான் பிடித்துக்கொள்ள, கையெழுத்து போட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா, கொலெட்?"

"கேளுங்க."

"அன்னிக்கு அந்தப் பெரியவரு இன்னும் சொல்ல ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாரே. ஏன் நிறுத்தின?"

"எழுதியிருந்தேன் ரெய்னோ. அறிக்கையில எல்லாம் இருந்துச்சு. படிப்பாங்கன்னு..."

அவர் கூரையைப் பார்த்தார்.

"அவனும் அதத்தான் சொன்னான். எனக்கு முன்னாடி ஷிஃப்ட்டுக்காரன். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்துல நின்னு அழுதான். இடது பக்கம் கல் தொங்குதுன்னு ஷிஃப்ட் நோட்டுல எழுதி வெச்சிட்டுத்தான் மேல ஏறினேன், நீ படிப்பேன்னு நெனச்சேன்னு." பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல பையன் அவன். நீயும் நல்ல பொண்ணுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, அவர் எதிரில் அழ வெட்கமாகவும் இருந்தது. காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காரை நோக்கி நடந்தவள் அந்தப் பாதை முடிந்த இடத்தில் நின்றேன். இதையாவது முடித்துக் கொடுக்கலாமே என்று தோன்றியது. வாரியை உருவினேன். நான்கு வாரி அள்ளி ஓரமாக வீசியிருப்பேன், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி படபடவென்று தட்டப்பட்டது. எப்படியோ எழுந்திருக்கிறார். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு, ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தார்.

"வை அத! வைன்னு சொல்றேன்ல!"

"நான் முடிச்சிடறேன் ரெய்னோ. ஒங்களுக்கென்ன?"

"நாளைக்கு வேன் வந்து பாதை சுத்தமா இருக்கறதப் படம் புடிச்சா, அள்ளினது யாருன்னு போடுவான்? நீதான பதினோரு பக்கம் எழுதி வெச்சிருக்க, என்னால முடியாதுன்னு?"

வாரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் தவறு இல்லை.

"அள்ளினதத் திரும்பப் போடு."

ஓரத்தில் வீசிய பனியை அள்ளி, சுத்தமாகியிருந்த இடத்தில் திரும்பக் கொட்டினேன். அவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வாரியை இருந்த இடத்திலேயே செருகினேன். போகலாம் என்று திரும்பினேன்.

"அந்த எடது ஓரம் இன்னும் தெரியுது. அதையும் மூடு. பாதில விட்டுட்டுப் போகாத."

மூடினேன். முழுவதும் மூடியது என்று அவர் தலையாட்டிய பிறகுதான் காரை எடுத்தேன்.